இல்லாத மேடத்துக்கு ஒரு சூரிய உதயம்

புந்தோன் அன்று காலை பல் துலக்கும்போதே ஒரு வைராக்கியம் எடுத்துக்கொண்டான். உலகமே தலைகீழாக நின்றாலும் சரி, மாமியாரை அங்கோர் வாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை.

வைராக்கியத்தை வாய்க்குள்தான் எடுத்துக்கொண்டான். வெளியே வந்தது பற்பசை நுரை மட்டும்.

மாமியார் செம் அம்மாள் முந்தின நாள்தான் தன் வாத்துகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டம்பாங்கிலிருந்து பஸ் ஏறி, சியெம் ரீப்பில் மகள் வீட்டில் வந்து இறங்கியிருந்தாள். வயது எழுபத்தொன்று. பல் மொத்தம் பதினொன்று. அந்தப் பதினொன்றும் சோறு மெல்ல இல்லை, மருமகனை மெல்ல. செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் மாப்பிளே, ஊர்ல உலகத்துல இருக்கிற வெள்ளைக்காரங்களுக்கெல்லாம் அங்கோர் வாட்ல சூரியன் உதிக்கிறதைக் காட்டுறியாமே. எனக்கு எப்போ காட்டப் போறே?"

"சூரியன் பட்டம்பாங்லயும் உதிக்குதேம்மா."

"உதிக்குது. ஆனா அங்க அதைக் காட்டுறேன்னு யாரும் பேட்ஜ் குத்திக்கிட்டுத் திரியறதில்ல."

புந்தோன் இருபத்திரண்டு வருடமாக வழிகாட்டி. வெளிர்பழுப்புச் சட்டை, நெஞ்சில் பேட்ஜ், தலையில் அகலத் தொப்பி. சூரிய உதயத் தனி டூர் என்றால் அவன்தான் என்று அவனே சொல்லிக்கொள்வான். மூன்று மொழி பேசுவான். மூன்றிலும் தன்னைப் பற்றித்தான் பேசுவான். வெளிநாட்டுப் பெண்மணிகள் வந்தால் அவன் குரலில் பனைவெல்லம் வழியும். "மெதுவா மேடம், படி வழுக்கும். குடையை நான் பிடிக்கிறேன் மேடம்." வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேசுவது ஒரே வார்த்தை: "தண்ணி."

மனைவி பெயர் மாலிஸ். தையல்காரி. கல்யாண வீட்டுப் பட்டு ரவிக்கை தைப்பதில் அந்த வட்டாரத்தில் அவளுக்குத்தான் பெயர். புந்தோனுக்குக் கழுத்தை நீட்டிய இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரு நாள்கூட அங்கோர் வாட் வாசலை மிதித்ததில்லை. கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்" என்றான். அந்த அடுத்த வாரத்துக்கும் வயது இருபத்தாறு ஆகிவிட்டது.

கெமர் மொழியில் பெண்டாட்டி புருஷனை 'போங்' என்று கூப்பிடுவாள். மரியாதையான சொல். மாலிஸ் சொல்லும்போது மட்டும் அது நம்ம ஊர் 'போங்க' மாதிரியே விழும்.

"போங், அம்மா ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போறாங்க. அதுக்குள்ள ஒரு நாள் எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க."

அது செப்டம்பர் மாதம். அடைமழை. வந்திருந்த சுற்றுலாப் பயணிகளை விரல் விட்டு எண்ணினால் விரல் மிஞ்சும். புந்தோனுக்கு ஒரு டூரும் இல்லை. அதைச் சொன்னால் மாட்டிக்கொள்வான். ஒரு கிழவியை நாலு மணிக்கு எழுப்பி, அவள் வாயிலிருந்து வருவதை எல்லாம் எட்டு மணி வரை கேட்பதற்கு அவன் என்ன பாவம் செய்தான்?

"இந்த வாரம் முடியாது. ஒரு மேடத்துக்குத் தனி டூர் இருக்கு. தினமும் சூரிய உதயம். வேற யாரும் கூட வரக்கூடாதுன்னு கண்டிஷன்."

"எந்த ஊரு மேடம்?"

"பெல்ஜியம்."

"பேரு?"

புந்தோனின் கண் அலமாரிக்குப் போனது. அங்கே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.

"கிளோரெட்."

மாலிஸும் டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "நல்ல பேரு. மொறுமொறுன்னு இருக்கு" என்றாள். ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

அப்பாடா என்றிருந்தது புந்தோனுக்கு. இவளுக்கு எதையும் சொல்லிவிடலாம் போலிருக்கிறதே என்று அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலு மணிக்குத் தேய்த்த சட்டை, தொப்பி, பேட்ஜ் சகிதம் டுக்டுக் வண்டியைக் கிளப்பினான். கோயிலுக்குப் போகும் சாலையில் பாதி வழியில் ஹெங் என்ற பழைய சிநேகிதன் காபிக்கடை வைத்திருந்தான். ஓலைக் கூரைக்குக் கீழே வரிசையாக வலை ஊஞ்சல்கள். புந்தோன் ஒன்றில் விழுந்தான். எட்டரைக்கு எழுந்தான். ஹெங்கோடு பகல் வரை சதுரங்கம் ஆடினான். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உலகத்தையே சுற்றிக் காட்டிவிட்டு வந்தவன் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தான்.

"மேடம் என்ன சொன்னாங்க போங்?"

"என்னத்தச் சொல்றது! சூரியன் கோபுரத்துக்குப் பின்னாடி எழும்பினதும் அப்படியே கண் கலங்கிட்டாங்க."

மாமியார் கேட்டாள், "காலைல இங்க கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சே. சூரியன் எங்கருந்து வந்துச்சு?"

"அங்க... அங்க மழை கம்மிம்மா."

"சரி. மழைல நிக்கிற பொம்பள அழுததை எப்படிக் கண்டுபிடிச்சே?"

புந்தோன் "தண்ணி" என்றான்.

பொய்யை வளர்ப்பது அவனுக்குக் கஷ்டமில்லை. இருபத்திரண்டு வருடமாக ராஜாக்களைப் பற்றியே கதை வளர்த்தவன். புதன்கிழமை கிளோரெட் மேடம் பக்கேங் குன்றைக் கைத்தடி இல்லாமல் ஏறினாள். அவள் புருஷன் காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. புந்தோன் மாதிரி விஷயம் தெரிந்தவனை அவள் எட்டு நாட்டில் பார்த்ததில்லை. மாலிஸ் மிஷினை மிதித்துக்கொண்டே "அப்படியா, அப்படியா" என்று கேட்டாள். மேடத்துக்கு நாய் உண்டா, பிள்ளைகள் உண்டா, பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் உண்டா, எல்லாம் கேட்டாள். அவன் ஒரு மகனும் இரண்டு நாயும் கொடுத்தான்.

அன்று மத்தியானம் அவன் கழற்றிப் போட்ட சட்டையை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முதுகில் கட்டம் கட்டமாக வலைத் தடம். செருப்பையும் பார்த்தாள். அந்த மழையிலும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. சட்டையைத் துவைத்துப் போட்டாள்.

சாப்பாடு வைக்கும்போதுதான் சொன்னாள்.

"மேடத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க."

புந்தோன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். "யாரை?"

"கிளோரெட் மேடத்தை. பாவம், துணையில்லாத பொம்பள. உங்களை இவ்வளவு புகழறாங்க. ஒரு வேளை சோறு போட வேணாமா?"

"அவங்களுக்கு மீன் ஆகாது."

"கோழி அடிக்கிறேன்."

"கோழியும் ஆகாது. கறியே தொட மாட்டாங்க."

"பூசணிக்கா குழம்பு வைக்கிறேன்."

"மாடிப்படி ஏற முடியாது அவங்களால. முட்டி வலி."

"காலைலதான் பக்கேங் குன்று ஏறினதா சொன்னீங்க?"

"அதனாலதான் முட்டி வலி!"

"அப்ப கீழ்த்தளத்துலயே பாய் விரிச்சிடலாம்" என்றாள் மாலிஸ். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மாமியார் பதினொரு பல்லையும் காட்டினாள். "எனக்கும் பாக்கணும் மாப்பிளே. உன்னைப் புத்திசாலின்னு சொன்ன பொம்பளையைச் சாகறதுக்குள்ள ஒரு தடவை பாக்கணும்."

வியாழக்கிழமை விடியற்காலை ஊஞ்சலில் புந்தோனுக்குத் தூக்கம் வரவில்லை. ஹெங்கை உலுக்கினான்.

"மேடத்தை ஊருக்கு அனுப்பிடு" என்றான் ஹெங். "அம்மாவுக்குச் சீரியஸ்னு தந்தி வந்துச்சுன்னு சொல்லு."

"முட்டாள். மேடம் போயிட்டா நான் சும்மா இருக்கேன்னு ஆயிடும். வெள்ளி, சனி ரெண்டு நாளும் கிழவியை நான்ல சுமக்கணும்?"

"அப்ப ஒரு மேடத்தைப் பிடி."

"மேடம் என்ன ஆத்து மீனா, பிடிக்கிறதுக்கு?"

சொல்லி வாய் மூடவில்லை, சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல உயரம், வெட்டிய வெள்ளை முடி, மழைக்கோட்டு. இறங்கி வந்து ஐஸ் காபி என்று விரலால் காட்டினாள். புந்தோனுக்குக் கைகூப்பத் தோன்றியது. தெய்வம் சைக்கிளில்தான் வரும் போலிருக்கிறது. அவள் காபி குடித்து முடிப்பதற்குள் தன் ஆங்கிலம் முழுவதையும் அவள் காலடியில் கொட்டிவிட்டான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பெயர் ரூத், ஹாலந்து என்றாள்.

"ஆக, நான் உங்க வீட்டுக்கு வந்து இல்லாத ஒரு பொம்பளையா நடிக்கணும்."

"ஒரு மணி நேரம் மேடம். சாப்பாடு பிரமாதமா இருக்கும்."

"வர்றேன். பதிலுக்கு நீங்க ஒண்ணு செய்யணும். சனிக்கிழமை விடியக்காலைல அங்கோர் வாட். சூரிய உதயம், தனி டூர். என்னோட சிநேகிதிங்க ரெண்டு பேரும் வருவாங்க. ரெண்டு பேருமே பாத்ததில்ல. முழுசா, குறைவில்லாம, சிரிச்ச முகத்தோட காட்டணும்."

"ரெண்டு என்ன மேடம், இருபது சிநேகிதிங்க வரட்டும்!"

ஹெங் காபித் துணியைப் பிழிந்துகொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. இருமுகிறான் என்று புந்தோன் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை விருந்து அவன் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. ரூத் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாயின் பெயரையும் அவளே இட்டுக்கட்டிச் சொன்னாள். காலமான புருஷனுக்காக ஒரு பெருமூச்சுகூட விட்டாள். அவள் ஆங்கிலத்திலேயே பேசியதால் புந்தோன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தான். அதாவது இரண்டு பக்கத்தையும் தனக்கு வேண்டிய மாதிரி வெட்டித் தைத்தான்.

ரூத் ஆங்கிலத்தில், "குழம்பு ரொம்ப ருசி" என்றாள்.

"என்னை மாதிரி வழிகாட்டி கிடைச்சது அவங்க பூர்வ ஜென்மப் புண்ணியமாம்" என்றான் புந்தோன் கெமரில்.

மாமியார் மேடத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மருமகனைக் கண்ணால் சுட்டிக்காட்டி, "இவன் சொல்றதுல பாதி பொய்யி. மீதிப் பாதி அந்தப் பொய்யை மூடறதுக்கு. அவகிட்ட அதைச் சொல்லு" என்றாள்.

"இந்த வருஷம் நல்ல மழைன்னு சொல்றாங்க" என்றான் ஆங்கிலத்தில்.

ரூத் தலையாட்டினாள். "ஆமாம். நானும் கவனிச்சேன்னு சொல்லுங்க."

மாலிஸ் சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். வர வெகுநேரம் ஆயிற்று.

சனிக்கிழமை. மூன்றே முக்கால் மணிக்கு எழுந்தான். மாலிஸ் முந்தின ராத்திரி அம்மாவோடு பக்கத்து அறையில் படுக்கப் போயிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. பூனை மாதிரி அடிவைத்து இறங்கினான். நாளைக்குக் கிழவி பஸ் ஏறிவிடுவாள். ஒரு வாரத்தை இப்படிச் சமாளித்தவன் ஊரில் வேறு எவன் இருக்கிறான்?

ரூத் சொன்ன தெருவில் டுக்டுக்கை நிறுத்தினான். வாசல் விளக்கின் கீழே மழைக்கோட்டு போட்ட மூன்று உருவங்கள். ஒன்று உயரம். ஒன்று நடுத்தரம். ஒன்று குட்டை, அதன் கையில் உட்காரும் முக்காலி.

"குட்மார்னிங் மேடம்! இவங்கதான் சிநேகிதிங்களா? வெல்கம், வெல்கம் டு..."

குட்டை உருவம் தொப்பியைப் பின்னால் தள்ளியது. பதினொரு பல் தெரிந்தது.

"குட்மார்னிங் மாப்பிளே."

புந்தோன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நடுத்தர உருவம் முன்னால் வந்தது. இதற்கென்றே தைத்தது போல் நீலப் பட்டு ரவிக்கை மழைக்கோட்டுக்குள் மின்னியது.

"நீங்க... நீ... எப்படி..."

"ஹெங் அண்ணன் வண்டியில வந்தோம்" என்றாள் மாலிஸ். "உங்களுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி."

"ஏறலாமா தம்பி? நேரமாகுது" என்றாள் ரூத். சுத்தமான கெமர். மாலிஸைப் போலவே பட்டம்பாங் இழுவையோடு.

"உங்களுக்குக் கெமர் தெரியுமா?"

"இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷமாச்சு. என் ரவிக்கை எல்லாம் உங்க வீட்டுலதான் தைக்கிறேன். மாசத்துக்கு ரெண்டு தடவை உங்க வாசல்ல சைக்கிளை நிறுத்துறேன். என்னிக்காவது பொண்டாட்டி தையல் ரூம்குள்ள எட்டிப் பாத்திருந்தா என் முகம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

புந்தோன் மாலிஸைப் பார்த்தான். "எப்பத் தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை உங்க சட்டையைப் பாத்துட்டு ஹெங் அண்ணனுக்குப் போன் போட்டேன். 'அவர் நாளைக்கும் வருவாரா'ன்னு கேட்டேன். 'தலகாணி கூட எடுத்து வச்சாச்சு தங்கச்சி'ன்னார்."

"அந்தத் துரோகி..."

"கஸ்டமர் முன்னாடி முகத்தைத் தூக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" மாலிஸ் வண்டியில் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "சிரிச்ச முகத்தோடன்னு பேச்சு. அப்புறம் இன்னொண்ணு. இன்னிக்கு நான் உங்க பொண்டாட்டி இல்ல. டூர் வந்த மேடம்."

இருட்டில் அகழிப் பாலத்தைக் கடந்தார்கள். மேற்கு வாசல் படிகளில் மழைநீர் மினுமினுத்தது. புந்தோன் தொண்டையைச் செருமினான். செருமினான். மறுபடியும் செருமினான். கடைசியில் வந்தது.

"மெதுவா... மேடம். படி வழுக்கும்."

"குடை?" என்றாள் மாலிஸ்.

"நான் பிடிக்கிறேன் மேடம்."

"எனக்கு?" என்றாள் மாமியார்.

ஒரு கையில் குடை, ஒரு கையில் முக்காலி, கழுத்தில் கிழவியின் சோற்றுப் பை. நல்லவேளையாக இருட்டாக இருந்தது. ஆனால் அங்கே இருந்த நாலு வழிகாட்டிகளுக்கும் இருட்டில் கண் நன்றாகத் தெரியும். "அண்ணே, இன்னிக்கு உள்ளூர் வி.ஐ.பி.யா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான்.

தாமரைக் குளத்தின் கரையில் நின்றார்கள். வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. "இதுக்கா நாலு மணிக்கு எந்திரிக்கிறாங்க?" என்று கிழவி ஆரம்பித்தாள். "எங்க வீட்டுக் கொல்லையில இதைவிட..."

பாதியில் நிறுத்தினாள்.

மேகத்துக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு கசிந்தது. ஐந்து கோபுரமும் கன்னங்கரேலென்று எழுந்து நின்றன. தண்ணீருக்குள்ளும் ஐந்து. சிவப்பு ஆரஞ்சாகி, பொன்னாகி, தாமரை இலை ஒவ்வொன்றிலும் சொட்டியது. கிழவி முக்காலியிலிருந்து எழுந்து கைகூப்பினாள்.

புந்தோன் வழக்கம்போல் கோபுரத்தைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. மாலிஸைப் பார்த்தான். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணத்தன்று பார்த்த முகம். கண்ணோரத்தில் ஈரம். மழை அப்போது இல்லை. ஆகவே அது என்னவென்று அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"மாலிஸ்..."

"இதைத்தான் இருபத்தாறு வருஷமா என்கிட்டேருந்து மறைச்சு வச்சிருந்தீங்களா?" அவள் திரும்பவே இல்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

தள்ளி நின்றான்.

வெயில் ஏறியதும் கிழக்கு மண்டபத்துக்குக் கூட்டிப் போனான். சுவர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் சிற்பம். இங்கேதான் அவன் வித்தை. தொண்ணூற்றிரண்டு அசுரர், எண்பத்தெட்டு தேவர், நடுவில் பாம்பு. கையை வீசி வீசிச் சொன்னான். ஆயிரம் வருடமாக இழுக்கிறார்கள், களைப்பே இல்லை என்றான்.

மாமியார் சுவரோரமாகக் கடைசி வரை நடந்து போய், ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எல்லாரும் ஒழுங்கா வேலை பாக்கறாங்க மாப்பிளே. ஊஞ்சல்ல படுத்திருக்கிறவன் ஒருத்தன்கூட இல்ல."

ரூத் சிரித்ததில் ஒரு புறா பறந்தது. மாலிஸ் ஒரு அப்சரஸின் இடுப்பருகே குனிந்து, கல்லில் செதுக்கியிருந்த துணி மடிப்பை விரலால் காற்றில் வரைந்துகொண்டிருந்தாள். "இந்தக் கொசுவத்தை இப்படிப் பிடிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றாள். அவளுக்கு அந்த நிமிடம் புருஷன் ஞாபகமே இல்லை. அது எல்லாவற்றையும்விட அதிகமாக அவனைக் குத்தியது.

ஆனால் புந்தோன் சீக்கிரம் தேறிக்கொள்கிற ஆள். முடிந்தது என்று நினைத்தான். பட்ட அவமானம் பட்டாயிற்று. இன்னும் ஒரு பகல், ஒரு ராத்திரி. காலையில் பஸ். திரும்பி நடக்கும்போது அவன் முதுகு மறுபடியும் நிமிர்ந்துவிட்டது. கிழவியின் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டான். அவளும் அதிசயமாக, மென்மையாகத்தான் கேட்டாள்.

"நல்லாத்தான் காட்டுறே மாப்பிளே. குறை சொல்லக்கூடாது. இந்த மாதிரி கோயில் இந்தப் பக்கத்துல இன்னும் எத்தனை இருக்கு?"

இருபத்திரண்டு வருடப் பழக்கம். நாக்கு மூளையைக் கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, கையை அகல விரித்து, பெருமையாகச் சொன்னான்:

"ஆயிரத்துக்கு மேல இருக்கும்மா!"

கிழவி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாலிஸ், ஊருக்குப் போன் போடு. என் வாத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியே வச்சுக்கட்டும்."